ரூபி நெக்லஸ் செடி: ஹால் ஜன்னலா, பால்கனியா, மொட்டை மாடியா?

ஒண்ணு பச்சையாயிடுச்சு, ஒண்ணு வெந்துடுச்சு, ஒண்ணு அழுகிடுச்சு. நான் வாங்கின மூணு ரூபி நெக்லஸ் தொட்டியோட கதை இவ்ளோதான். நாலாவதுதான் இப்ப பால்கனில ரெண்டு முழத்துக்குத் தொங்கிட்டு இருக்கு, அதப் பார்த்துட்டு கீழ் ஃபிளாட் அக்கா "எனக்கும் ஒண்ணு வாங்கணும்மா, ஹால்ல டிவிக்கு மேல மாட்டலாம்னு இருக்கேன், வருமா"ன்னு கேட்டாங்க. வராதுக்கான்னு பட்டுனு சொல்லிட்டு வந்துட்டேன். அப்புறம் ராத்திரி பாத்திரம் கழுவறப்ப யோசிச்சேன், அது முழு பதில் இல்லையே, டிவிக்கு மேல வராது சரி, எங்க வரும்னு சொல்லணும்ல. அந்த பதில்தான் இது, கொஞ்சம் நீளமாப் போகும்.

மொதல்ல எந்தச் செடியப் பத்திப் பேசறோம்னு பார்த்துக்குவோம், ஏன்னா நர்சரில ஊதாவா தொங்கறது எதக் கேட்டாலும் ஒரே பேரு சொல்லி விக்கறாங்க. ரூபி நெக்லஸுக்கு தண்டு மெல்லிசா நல்ல ஊதாவா இருக்கும், இலை ரெண்டு சென்டிமீட்டர் அளவுக்கு குண்டா, பச்சைப் பயற இழுத்து நீட்டி விட்ட மாதிரி இருக்கும். வெயில் படற பக்கம் மாதுளை முத்துக் கலர், படாத பக்கம் பச்சை. அப்பப்போ சின்னதா மஞ்சப் பூ வரும், உத்துப் பார்த்தா குட்டி சாமந்தி மாதிரியே இருக்கும், ஏன்னா இதுவும் சாமந்தி, சூரியகாந்தி குடும்பம்தான், நம்ம ரோட்டோரத்து வெட்டுக்காயப் பூண்டுக்குக்கூட தூரத்துச் சொந்தம். பழைய தாவரவியல் பேரு ஒத்தோனா கேபென்சிஸ், இப்ப கிராசோத்தோனா கேபென்சிஸ்னு மாத்திட்டாங்க. சொந்த ஊரு தென்னாப்பிரிக்காவோட ஈஸ்டர்ன் கேப் பக்கம். அங்க பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளுகுளுன்னு இருக்கும். இந்த ராத்திரி குளிர் விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, நமக்கு வர்ற பாதிப் பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது.

கலர் எங்கேர்ந்து வருதுன்னு புரிஞ்சா இடம் எதுன்னு தானா புரிஞ்சிடும். அந்தச் சிவப்பு ஆந்தோசயனின்னு ஒரு நிறமி, நாவப்பழத்துலயும் ஊதாக் கத்திரிக்கா தோல்லயும் இருக்கற அதே வகை. செடிக்கு வெயில் ஜாஸ்தியாகறப்ப இலைக்குள்ள இருக்கற பச்சையம் அடிபடாம இருக்க இதக் குடை மாதிரி விரிச்சுக்குது. அதாவது நாம அழகுன்னு சொல்றது அதுக்கு வெயில் தாங்கற ஏற்பாடு. வெளிச்சம் பலமா இருக்கணும், ராத்திரி கொஞ்சம் குளிரணும், தண்ணி கொஞ்சம் பத்தாக்குறையா இருக்கணும், உரம் கம்மியா இருக்கணும், இந்த நாலும் சேர்ந்தாதான் ரூபி. சொகுசா வச்சா பச்சையாத்தான் இருக்கும், நல்லா வளரும், ஆனா பச்சை. நீங்க காசு குடுத்து வாங்கினது அந்தக் கலருக்கு, அது போயிடுச்சுன்னா பயறு மாலைதான் மிச்சம்.

இப்ப இடங்களுக்கு வருவோம். நான் சொல்றது சென்னை கணக்கு, தமிழ்நாட்டு கிழக்குக் கடலோர ஊருங்களுக்கு ஏறக்குறைய பொருந்தும், மலை ஊர்க்காரங்களுக்குக் கடைசில தனியா சொல்றேன்.

ஹால். என்னோட முதல் தொட்டி இங்கதான். சோபாவுக்குப் பின்னாடி, ஜன்னல்லேர்ந்து ஒரு ஆறடி தள்ளி, சீலிங்ல ஹூக் போட்டு மாட்டினேன், போட்டோவுக்கு அவ்ளோ அழகா இருந்துச்சு. மூணு மாசத்துல தண்டு நீளமா ஓடுச்சு, இலைக்கும் இலைக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி, கலர் சுத்தமா காணோம், தண்டுல மட்டும் லேசா ஊதா. நம்ம கண்ணு இதுல ஏமாத்தும், உள்ள நல்ல வெளிச்சமாத்தானே இருக்குன்னு தோணும். வெளிச்சத்த லக்ஸ்ங்கற கணக்குல அளக்கற ஆப் போன்ல இலவசமாவே கிடைக்குது, போட்டுப் பாருங்க. மத்தியான வெயில் 1,00,000 லக்ஸ் காட்டும், வெளிய நிழல்கூட 10,000 காட்டும், நம்ம சோபாவுக்குப் பின்னாடி 300 வந்தாலே பெரிசு. போன் மீட்டர் துல்லியமெல்லாம் கிடையாது, ஆனா 300க்கும் 10,000க்கும் உள்ள வித்தியாசத்தச் சொல்ல அது போதும்.

இதுல யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. தொங்கற செடிக்கு வெளிச்சம் விழ வேண்டியது தொட்டி வாய் மேல, தொங்கற நுனில இல்ல. நாம என்ன பண்றோம், சீலிங் உயரத்துல மாட்டறோம், ஜன்னல் அதுக்குக் கீழதான் ஆரம்பிக்குது, அப்ப மண்ணுக்குப் பக்கத்துல இருக்கற பகுதி முழு இருட்டு. கொஞ்ச நாள்ல உச்சி வழுக்கையாகி, கீழ மட்டும் நாலு முடி தொங்கும். ஹால்ல வைக்கறதா இருந்தா ஜன்னல் திண்டுலயே வைங்க, இல்ல தொட்டி வாய் ஜன்னல் நடு உயரத்துக்கு வர்ற மாதிரி இறக்கி மாட்டுங்க. கம்பிக்கு அந்தப் பக்கம் கை விட்டு வைக்கற மாதிரி சஜ்ஜாவுக்குக் கீழ கிரில் பெட்டி இருந்தா அது ஹாலே இல்ல, பால்கனி கணக்குல சேத்துக்கலாம், அதிர்ஷ்டசாலி நீங்க.

கண்ணாடிக்குப் பின்னாடி நேர் வெயில் விழற ஜன்னல் இருக்குன்னு சொல்றீங்களா, செடி உயிரோட நல்லாவே இருக்கும், கலர் மட்டும் வெளிய வர்ற அளவுக்கு வராது, கண்ணாடி புறஊதாக் கதிரோட ஒரு பெரிய பங்கத் தடுத்துடும். ஏசி இருக்கற ரூம்னா ஒண்ணும் பயமில்ல, வறண்ட காத்து இதுக்குப் பிடிக்கும், நேரா காத்து அடிக்கற இடத்துல மட்டும் வைக்காதீங்க. குரோ லைட், அதாவது வெயிலுக்குப் பதிலா செடி மேல அடிக்கற விளக்கு, போட்டு வளக்கறவங்களும் இருக்காங்க, 20 வாட் வெள்ளை எல்இடி ஒண்ண தொட்டிக்கு ஒரு ஜாண் மேல கட்டி தினம் 12 மணி நேரம் எரிய விட்டா மாசம் ஏழு யூனிட் சொச்சம், ரெண்டு மாச பில்லுல 14, 15 யூனிட்தான், அது ஒண்ணும் பெரிய செலவில்ல. ஆனா எங்க வீட்ல ஹால்ல ஆஸ்பத்திரி மாதிரி லைட் எரியுதுன்னு அத்தை ரெண்டே நாள்ல ஆஃப் பண்ணிட்டாங்க, அதுவும் ஒரு கணக்குதான்.

ஹாலுக்கு ஒரு நல்ல பேரும் குடுக்கணும், நியாயமா. மழை இல்ல, கத்திரி வெயில் இல்ல, புறா இல்ல. நான் மூணுல ஒண்ணு பச்சையாச்சுன்னு சொன்னேனே, அது சாகல, இன்னும் தங்கச்சி வீட்ல இருக்கு.

மொட்டை மாடி. கலர்னா இதுதான், மறு பேச்சே இல்ல. 2023 ஜனவரில மாடில பைப் கட்டி மாட்டின தொட்டி மார்ச்ல பார்க்கறதுக்கு நிஜமாவே நகைக்கடை மாதிரி இருந்துச்சு, தண்டும் இலையும் ஒரே கருஞ்சிவப்பு. ஏப்ரல் கடைசில இலை சுருங்க ஆரம்பிச்சுது, மேல நிழல் வலை, அந்தப் பச்சை நெட்டு, அம்பது பர்சென்ட் கட்டினேன், எப்படியோ மே தாண்டிடுச்சு. ஜூலை, ஆகஸ்ட் சாயங்கால மழைக்கு ஒண்ணும் ஆகல, அடுத்த நாள் வெயில்ல காஞ்சிடும். டிசம்பர் 3, 4ல மிக்ஜாம் புயல் வந்துச்சு பாருங்க, வீட்டுக்குள்ள கரண்ட் இல்ல, தெருவுல முழங்கால் தண்ணி, யாருக்கு செடி ஞாபகம் வரும். மூணாவது நாள் மேல போய்ப் பார்த்தா இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டா கூழ். வேரு பழுப்பு நூலாட்டம் கைல வருது.

சென்னைக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1400 மி.மீ. மழை, அதுல பாதிக்கு மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பர்க்குள்ள கொட்டிடும். அதுவும் தினம் கொஞ்சம் கொஞ்சமா இல்ல, நாலு நாள் விடாம ஊத்திட்டு பத்து நாள் மேகமூட்டமா நிக்கும். ரூபி மாதிரி இலைல தண்ணி சேத்து வச்சுக்கற சக்குலன்ட் செடிக்கு மழையவிட அந்த மேகமூட்டம் மோசம், மண்ணு காயவே காயாது. அதனால மாடில வைக்கறவங்க பாலிகார்பனேட் ஷீட்டோ, தடிமனான பிளாஸ்டிக் ஷீட்டோ போட்ட கூரை இல்லாம ரூபி நெக்லஸ் வைக்காதீங்க. கூரை போட்டுட்டீங்கன்னா சரி, கத்திரிக்கு மட்டும் அதுக்கு மேல ஒரு நிழல் வலை. வெறும் வலை மட்டும் கட்டிட்டு மழைக்கும் ஆச்சுன்னு இருந்துடாதீங்க, வலைல தண்ணி வடிகட்டித்தான் வரும், நிக்காது.

பால்கனின்னு பொதுவா ஒரு இடம் கிடையாது, எந்தத் திசைன்னு கேக்கணும். நான் கொஞ்சம் நீளமா பேசப்போறது இதுலதான், ஏன்னா நெட்ல படிக்கறதுல முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது, அவங்களுக்குத் தெக்கு பார்த்த ஜன்னல்னா வருஷம் பூரா வெயில். நமக்கு அப்படி இல்ல. சென்னை 13 டிகிரில இருக்கு, ஏப்ரல் 25 வாக்குல சூரியன் நேர் உச்சிக்கு வந்துட்டு அப்புறம் வடக்கால நகர்ந்துடும், மறுபடி ஆகஸ்ட் 18 வாக்குல உச்சிக்கு வந்து தெக்க திரும்பும். அப்ப மே, ஜூன், ஜூலைல தெக்கு பால்கனிக்குள்ள நேர் வெயில் வராது, டிசம்பர், ஜனவரில தரை வரைக்கும் சாஞ்சு வரும். ரூபி நெக்லஸுக்கு இதவிட என்ன வேணும் சொல்லுங்க, கொளுத்தற மாசத்துல தானா நிழல், குளுந்த மாசத்துல தானா வெயில். அதோட வடகிழக்குப் பருவமழை பேருக்கேத்த மாதிரி வடகிழக்குலேர்ந்து அடிக்கறதால தெக்குப் பக்கம் சாரலும் கம்மி. தெக்கு பால்கனி இருக்கறவங்க இதுக்கு மேல படிக்காம எழுந்து போய் வாங்கிட்டு வந்துடலாம்.

எனக்கு இருக்கறது கிழக்கு. இது ரெண்டாவது நல்ல இடம். காலைல ஆறரைலேர்ந்து பத்து, பத்தரை வரைக்கும் வெயில், அது வருஷம் முழுக்க கிடைக்கும், கத்திரிலகூட காலை வெயில் தாங்கற மாதிரிதான் இருக்கும். கலர் மாடி அளவுக்கு வராது, முக்கால் அளவு வரும், நுனிப் பக்கம் நல்ல சிவப்பு, உள்பக்கம் பச்சை கலந்து. தலைவலி என்னன்னா அக்டோபர்ல ஆரம்பிச்சு சாரல் நேரா மூஞ்சில அடிக்கும். நான் மழை நாள்ல தொட்டிய கம்பிலேர்ந்து எடுத்து பால்கனி உள்சுவரோரமா இன்னொரு ஆணில மாட்டிடறேன், ரெண்டடி உள்ள வந்தாலே போதும். அந்த ஆணி வெறும் 10 ரூபா, மூணு தொட்டிக்கு அப்புறம்தான் எனக்கு அந்த புத்தி வந்துச்சு.

மேக்கு பால்கனிலதான் என்னோட ரெண்டாவது தொட்டி வெந்துச்சு, அப்ப நாங்க வேற வாடகை வீட்ல இருந்தோம். மத்தியானம் ரெண்டுலேர்ந்து அஞ்சரை வரைக்கும் வெயில், அதுக்கப்புறமும் சுவர் ராத்திரி பத்து மணி வரைக்கும் அடுப்பு மாதிரி சூடு விடும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வேற, மண்ணத் தொட்டா சுடும். செடிக்கு ராத்திரி குளிரணும்னு சொன்னேன்ல, சென்னைல மே மாசம் ராத்திரிகூட 28, 29 டிகிரிக்குக் கீழ இறங்காது, அதுல இந்த சுவரு சூடும் சேர்ந்தா வேரு அவிஞ்சு போயிடும். நான் அத தண்ணி பத்தலன்னு நெனச்சு சாயங்காலம் சாயங்காலம் ஊத்தினேன், சூடான மண்ணுல தண்ணி ஊத்தினா என்ன ஆகும், குக்கர்தான். மேக்கு மட்டும்தான் இருக்குன்னா மார்ச் கடைசிலேர்ந்து ஜூன் வரைக்கும் வீட்டுக்குள்ள ஜன்னலோரம் கொண்டு வந்துடுங்க, வெள்ளைத் தொட்டில வைங்க, மத்த மாசம் தாராளமா வெளிய விடலாம், கலரும் நல்லாவே வரும். வடக்கு பால்கனில வெயில் மே, ஜூன், ஜூலைலதான் வரும், மத்த நாளெல்லாம் வெறும் வெளிச்சம், சாரலும் அடிக்கும், அங்க ரூபி வேண்டாம்.

இங்க இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடணும். வீடியோல எல்லாம் கோடைல வெளிய வைங்க, குளிர்காலத்துல உள்ள எடுத்துடுங்கன்னு சொல்வாங்க. அது பனி கொட்டற ஊருக்கு. நமக்கு அப்படியே தலைகீழ். மார்கழி, தை, மாசிதான் இந்தச் செடிக்கு வெளிய ஊர்வலம் போற காலம், ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும், மழை நின்னுருக்கும், வெயில் உறுத்தாது, வருஷத்துலயே நல்ல கலர் அப்பதான் வரும். உள்ள எடுக்க வேண்டியது ஐப்பசி, கார்த்திகைல மழைக்கு, அப்புறம் சித்திரை, வைகாசில சூட்டுக்கு. உள்ளேர்ந்து வெளிய கொண்டு போறப்ப ஒரே நாள்ல வெயில்ல வச்சுடாதீங்க, வெளுத்துப் போய் தழும்பு விழும், அந்த இலை திரும்பப் பழைய மாதிரி ஆகாது. முதல்ல நிழல்ல நாலு நாள், அப்புறம் காலைல ஒரு மணி நேரம், இப்படி பத்து, பதினஞ்சு நாள்ல பழக்குங்க. உள்ள வெளியன்னு மாறி மாறித் தூக்கிட்டு இருக்க முடியாதுன்னா, எனக்கும் முடியாது, ஒரு இடத்துல வச்சு ரெண்டடி உள்ள ஆணி அடிக்கறதுதான் நடக்கற காரியம்.

புறா பத்தி சொல்லாம விட்டா பால்கனி பேச்சு முடியாது. தொங்கற தொட்டிய பார்த்தா புறாவுக்கு பிரசவ ஆஸ்பத்திரி மாதிரி தெரியும் போல, கூடு கட்டி ரெண்டு முட்டை விட்டுச்சுன்னா ஒன்றரை மாசத்துக்கு தொட்டிய தொட முடியாது, செடி நசுங்கி நாசம். வலை போட்டா வெளிச்சம் ரொம்பக் குறையாது, போட்டுடுங்க. வலை போட முடியாதவங்க தொட்டி வாய்ல பல் குத்தற குச்சிய நெருக்கமா நட்டு வச்சா உக்காராது, பார்க்க முள்ளம்பன்றி மாதிரி இருக்கும், இலை பரவினதும் மறைஞ்சிடும்.

மண்ணு விஷயத்துல உள்ளக்கும் வெளிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுக்கும் நர்சரி மண்ணு ஆகாது. நர்சரில வெறும் கோகோபீட்ல, அதான் தேங்கா நார்த் தூள்ல, வச்சுக் குடுப்பாங்க, அவங்களுக்கு தினம் தண்ணி ஊத்த ஆள் இருக்கு, தொட்டி தூக்க லேசா இருக்கணும், அவங்க கணக்கு அது. நம்ம வீட்ல அது ஒண்ணு பஞ்சு மாதிரி ஈரம் புடிச்சு வச்சுக்கும், இல்ல முழுசா காஞ்சா அப்புறம் தண்ணியே ஏத்துக்காது, ஓரமா வழிஞ்சு ஓடிடும். வாங்கின ஒரு வாரம் கழிச்சு மாத்திடுங்க. நான் போடறது ரெண்டு பங்கு உடைச்ச செங்கல் பொடி ஜல்லி, கடுகுலேர்ந்து பட்டாணி சைஸ் வரைக்கும் சலிச்சு எடுத்தது, ஒரு பங்கு தோட்டத்து மண்ணு, அரைப் பங்கு மண்புழு உரம், ஒரு கை அடுப்புக்கரி உடைச்சது. பெர்லைட், பியூமிஸ்னு விக்கற லேசான கல்லு வாங்க முடிஞ்சா நல்லதுதான், செங்கல்லே போதும். எம்-சாண்ட் மட்டும் வேண்டாம், அதுல இருக்கற மாவு இறுகி சிமெண்ட் மாதிரி ஆயிடும். உரம் தனியா ஒண்ணும் போடறதில்ல, போட்டா பச்சையாத்தான் போகும். ஆறு இன்ச் தொட்டிக்கு மேல பெருசும் வேண்டாம், வேரு மேலாகத்தான் இருக்கும், மிச்ச மண்ணு சும்மா ஈரத்த புடிச்சு வச்சிட்டு இருக்கும்.

தண்ணிக்கு நாள் கணக்கு சொல்றத நான் நம்பறதில்ல, இருந்தாலும் ஒரு அளவுக்கு: கிழக்கு பால்கனில மார்ச், ஏப்ரல்ல அஞ்சு நாளைக்கு ஒருக்கா, ஜனவரில பத்து நாளைக்கு ஒருக்கா, ஹால்ல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, மழைக்காலத்துல மூணு வாரம் ஊத்தாமலும் இருந்திருக்கேன். நிஜமான அளவுகோல் ஒரு தென்னை ஈர்க்குச்சி. தொட்டி அடி வரைக்கும் குத்தி அஞ்சு நிமிஷம் விட்டு எடுங்க, மண்ணு ஒட்டிட்டு வந்தா இன்னைக்கு இல்ல. இலைய ரெண்டு விரலால லேசா அமுக்கினா கல்லு மாதிரி இருக்கணும், தொளதொளன்னு மேல ஒரு சுருக்கம் விழுந்தா அன்னைக்கு அடில வழியற வரைக்கும் ஊத்துங்க. அரை டம்ளர் அரை டம்ளரா தினம் ஊத்தறதுதான் நெறைய பேர் பண்ற தப்பு. சுருங்கின இலையும் அழுகற இலையும் பார்க்க ஒரே மாதிரி சோர்ந்து தெரியும், ஆனா சுருங்கினது காகிதம் மாதிரி வறண்டு இருக்கும், அழுகறது ஒளி ஊடுருவற மாதிரி வெளிறி கொழகொழன்னு இருக்கும், ரெண்டாவதுக்குத் தண்ணி ஊத்தினா முடிஞ்சுது. ஆர்ஓ மிஷின் கழிவுத் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு தொட்டி விளிம்புல வெள்ளையா பூக்கும். நான் ஏசிலேர்ந்து சொட்டற தண்ணிய பக்கெட்ல புடிச்சு ஊத்தறேன், உப்பே கிடையாது, கோடைலதான் ஜாஸ்தி கிடைக்குது, ஜாஸ்தி தேவையும் அப்பதான்.

பூச்சில மாவுப்பூச்சிதான் எதிரி, அது வீட்டுக்குள்ள காத்தோட்டம் இல்லாத இடத்துலதான் ஜாஸ்தி வரும், இலைக் காம்புல பஞ்சு மாதிரி தெரிஞ்சா காது குடையற பட்ஸ சர்ஜிகல் ஸ்பிரிட்ல நனைச்சு ஒத்தி எடுங்க. பரவிடுச்சுன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் பாத்திரம் கழுவற லிக்விட், சாயங்காலத்துல மட்டும். எண்ணெய் பட்ட இலை மேல வெயில் அடிச்சா பொசுங்கும்.

சரி, மேல சொன்னதெல்லாம் படிச்சிட்டு உங்க வீட்ல எந்த இடமும் ஒத்து வரலன்னா? செடிக்காக இடத்த மாத்த முடியாது, இடத்துக்கேத்த செடிய வாங்கறதுதான் புத்திசாலித்தனம், இத நான் மூணு தொட்டி செலவு பண்ணிக் கத்துக்கிட்டேன்.

ஹால் மட்டும்தான்னா பிங்க் டர்ட்டில் வைன் வாங்குங்க, காலிசியா ரெபென்ஸ்னு பேரு, இலை ரூபி மாதிரி குண்டா இருக்காது, ஆனா லேசா சதைப்பத்து உண்டு, ரோஸும் பச்சையும் வெள்ளையும் கலந்து குடை மாதிரி தொங்கும். ஜன்னலோர வெளிச்சத்துலயே கலர் நிக்கும், தண்ணியும் தாராளமா கேக்கும், தினம் ஏதாவது ஊத்தாம கை நிக்காதவங்களுக்கு இதுதான் சரி. முழுப் பச்சையா ஒரு கிளை கிளம்பினா உடனே கிள்ளிடணும், விட்டா அதுதான் வேகமா வளர்ந்து ரோஸ முழுங்கிடும். கொஞ்சம் காசு ஜாஸ்தியானா பரவால்லன்னா வெரிகேட்டட், அதாவது இலைல ஒண்ணுக்கு மேல கலர் கலந்த, ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸ், செரோபீஜியா வுடியை. டர்பன்ல தாவரவியல் தோட்டத்தப் பார்த்துக்கிட்ட ஜான் மெட்லி வுட் பேருதான் அதுக்கு வச்சிருக்காங்க, குடும்பமோ நம்ம எருக்கஞ்செடி குடும்பம். ரோஸ் கலர் குட்டி இதயம் நூல்ல கோத்த மாதிரி இருக்கும், மண்ணுக்குள்ள கிழங்கு வச்சிருக்கறதால தண்ணி மறந்தாலும் தாங்கும், ஜன்னல் பக்கத்துலயே இருக்கணும், அவ்ளோதான். பச்சை முத்து மாலை மாதிரி தொங்குமே, ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ், அத மட்டும் ஆசைப்பட்டு வாங்காதீங்க, நம்ம புழுக்கத்துக்கு ரூபியவிட சீக்கிரம் போய்ச் சேரும், வீட்ல பூனை, நாய் இருந்தா அது கடிச்சா விஷம் வேற.

மாடி மட்டும்தான்னா ரூபிக்காக ஷெட்டு போட்டுட்டு அலையாதீங்க, டேபிள் ரோஸ் வைங்க. அதான், பத்து மணிப் பூ, போர்ட்டுலாக்கா. நம்ம பருப்புக்கீரையோட நெருங்கின சொந்தம், தென் அமெரிக்காலேர்ந்து வந்து இங்கயே குடும்பம் நடத்திட்டு இருக்கு. இலைல கலர் இல்ல, பூவுல இருக்கு, ரோஸ், மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளைன்னு தொங்கற தொட்டி தெரியாத அளவுக்குப் பூக்கும், கத்திரி வெயில்தான் அதுக்குத் திருவிழா. மழைல அழுகும், ஆனா நாலு குச்சி ஒடிச்சு உள்ள வச்சிருந்தா தை மாசத்துல மறுபடி நட்டுக்கலாம், யார் வீட்லயாவது கேட்டாலே சும்மா குடுப்பாங்க. இலைலயே கலர் வேணும், மாடியும் வேணும்னா வெரிகேட்டட் போர்ட்டுலகேரியா, ஜேட்னு சொல்லி விப்பாங்க, படர்ற வகைன்னு கேட்டு வாங்கணும். க்ரீம் கலர் இலை, சிவப்புத் தண்டு, ரூபிக்கு அதே ஊர்க்காரிதான், ஆனா உடம்பு வாகு வேற, வெயிலும் தாங்கும் மழையும் ஒரு அளவுக்குத் தாங்கும்.

மலை ஊர்க்காரங்களுக்கு சொல்றேன்னு சொன்னேன். என் நாத்தனார் ஓசூர்ல இருக்காங்க, கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டர் பக்கம், ராத்திரி தானா குளிரும். இங்கேர்ந்து கொண்டு போன அதே தண்டுதான், வீட்டு முன்னாடி சன்ஷேடுக்குக் கீழ சும்மா மாட்டி வச்சிருக்காங்க, வருஷம் பூரா கருஞ்சிவப்பா இருக்கு, நான் இங்க ஈர்க்குச்சி குத்திட்டு இருக்கேன். பெங்களூருக்காரங்களுக்கும் இதே கதைதான். கொடைக்கானல், ஊட்டின்னா வெயில் பத்தாது, பனியும் சாரலும் ஓயாது, டிசம்பர், ஜனவரில உறைபனி வேற, அங்க கண்ணாடிக்குப் பின்னாடி உள்ள வைக்கறதுதான் சரி.

எந்த இடத்துல வச்சாலும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. நாலு இன்ச் தண்ட வெட்டி, ஒரு நாள் நிழல்ல காய விட்டு, ஈர மண்ணு மேல வட்டமா சுத்தி வச்சு ஹேர்பின்னால கவ்வி விட்டா கணுவுக்கு கணு வேர் விடும், ரெண்டு மூணு வாரம். உச்சி வழுக்கையானதுக்கும் இதான் வைத்தியம், தொங்கற நீளத்த வெட்டி மேல சுருட்டி வைக்கறது. நான் ஒண்ண பால்கனிலயும் ஒண்ண சமையல்கட்டு தெக்கு ஜன்னல்லயும் வச்சிருக்கேன், ஒண்ணு போனா ஒண்ணு.

கீழ் ஃபிளாட் அக்காவுக்கு இதையெல்லாம் சொல்லிட்டு அவங்க பால்கனிக்கே போய்ப் பார்த்தேன். எங்களுக்கு நேர் கீழதான், அதே கிழக்கு, ஆனா முதல் மாடி, எதிர்ல ஒரு பெரிய மாமரம். காலைல எட்டு மணிக்கு போன்ல அளந்தா 3,000 லக்ஸ் தாண்டல, என் பால்கனில அதே நேரத்துக்கு 40,000 காட்டுச்சு. ரெண்டு பேரும் மாமரத்த கொஞ்ச நேரம் பார்த்தோம், மாங்கா வேற காய்ச்சிருக்கு, வெட்டச் சொல்ல மனசு வருமா. பிங்க் டர்ட்டில் வைன் வாங்கறதுன்னு முடிவாச்சு, ஞாயித்துக்கிழமை நர்சரிக்குப் போய் ரெண்டு பேருமா வாங்கிட்டும் வந்துட்டோம், டிவிக்கு மேல இல்ல, ஜன்னல் திண்டுல வச்சிருக்காங்க. ஆனாலும் அன்னைக்கு சாயங்காலம் காபி சாப்பிட மேல வந்தவங்க போறப்ப, என் தொட்டிலேர்ந்து நாலு இன்ச் ரெண்டு துண்டு கிள்ளி முந்தானைல முடிஞ்சுக்கிட்டுத்தான் போனாங்க.